மதகு வளைவில் நின்றுவிடும் குந்துமணி: மட்டக்குதிரையோடு அன்றாடமும் சவாரியும்

செம்மட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குந்துமணி எங்கள் வீட்டு மட்டக்குதிரை. செம்பழுப்பு உடம்பு, கருத்த பிடரி, கருத்த வால். தோள்மேட்டில், அதாவது கழுத்து முதுகோடு சேரும் மேட்டில், 127 செ.மீ. உயரம். வயது இருபதை ஒட்டி இருக்கும் என்று பல்லைப் பார்த்த டாக்டர் சொல்கிறார். சவாரி செய்வது என் மகள். நான் கூடவே நடப்பேன்.

காலையில் முதல் வேலை குளம்பைச் சுத்தம் செய்வது. அதற்குக் குந்துமணியிடம் ஒரு வரிசை உண்டு. முன் இடது, பின் இடது, அப்புறம் சுற்றிப்போய்ப் பின் வலது, முன் வலது. நான் பக்கத்தில் குனிந்ததுமே அந்தந்தக் காலைத் தானாகத் தூக்கித் தருவாள். வரிசை மாறிப் போனால் தூக்க மாட்டாள். காலை ஊன்றிக்கொண்டு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். வயிற்று வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொள்வாள். அதனால் லேசாகக் கட்டி, நாலு அடி நடத்திவிட்டு ஒரு துளை, மகள் ஏறிய பின் இன்னொரு துளை என்று இறுக்குகிறோம். வாளியைத் திறக்கும் சத்தம் அவளுக்கு எவ்வளவு தொலைவிலிருந்தும் கேட்கும். மகள் வீடு திரும்பும் நேரமும் அவளுக்குத் தெரியும். வேலி ஓரத்தில் அதே இடத்தில் வந்து நிற்பாள். எங்கள் நாள் முழுக்க அவளைச் சுற்றித்தான் ஓடுகிறது, அதில் எங்களுக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

கேள்விக்கு வருகிறேன். நாங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு மதகு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வளைவு. கொஞ்ச காலமாக அங்கே வந்ததும் நின்றுவிடுகிறாள். காது இரண்டும் முன்னால், உடம்பு விறைப்பு. மிரண்டு ஓடுவதில்லை, பின்வாங்குவதுமில்லை, நின்றுவிடுவாள், அவ்வளவுதான். சில நாள் எதுவும் நடக்காதது போல் தாண்டிவிடுகிறாள். பிடிவாதம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் குதிரைகள் இப்படி நின்றிருந்தால் சொல்லுங்கள். சவாரிக் கதைகளும் எழுதுங்கள், மகள் ஆசையாகப் படிப்பாள்.

லாயக்காரர் எழுதியது:

வணக்கம் அம்மா. பிடிவாதம் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். குதிரையால் "வலிக்கிறது" என்று சொல்ல முடியாது, நிற்கத்தான் முடியும்.

தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்நுனியால் ஒரே அழுத்தத்தில் தடவிக்கொண்டே போங்கள். எங்காவது தோல் துடித்தாலோ, முதுகைத் தாழ்த்தினாலோ, காதைப் பின்னால் மடித்தாலோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஈரமாக இருந்து நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறதா என்று கவனிக்க வேண்டும்.

அடுத்தது பல். குதிரையின் பல் வாழ்நாள் நெடுகத் தேய்ந்துகொண்டும் ஈறிலிருந்து மேலேறிக்கொண்டும் இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் கூராகிவிடும். கடிவாள வாரைப் பிடித்ததும் கன்னம் அந்த விளிம்பில் போய்ப் படும். ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரை வைத்து ராவிவிடுவது நல்லது.

ஒரு கேள்வி. அந்த வளைவில் தரை எப்படி? இறக்கமா, சரளைக்கல்லா? குளம்பில் வலி இருக்கும் குதிரை இறக்கத்திலும் கல்லிலும்தான் முதலில் நிற்கும்.

நேர்ப்பாதை எழுதியது:

லாயக்காரர் சொன்னதை எல்லாம் செய்யுங்கள். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மட்டக்குதிரைகள் மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும். ஒரு நாள் ஏதோ காரணத்தால் நின்றது, நீங்கள் வீட்டுக்குத் திருப்பினீர்கள் என்றால், "இங்கே நின்றால் வீடு" என்பது அதற்குப் பாடமாகிவிடும். காரணம் போன பிறகும் பழக்கம் நிற்கும்.

நான் செய்வது இதுதான். நின்றதும் திருப்ப மாட்டேன், உதைக்கவும் மாட்டேன். கெண்டைக்காலால் லேசாக ஒரு அழுத்தம். குதிரை ஒரே ஒரு அடி முன்னால் வைத்தாலும் அந்த நொடியே அழுத்தத்தை எடுத்துவிடுவேன். அழுத்தம் எடுபடும் அந்த நொடியில்தான் குதிரை பாடம் படிக்கிறது. அடி வைத்த பிறகும் உதைத்துக்கொண்டே இருந்தால் முன்னால் போவதே தண்டனை என்றாகிவிடும். ஒரு அடி, ஓய்வு. இன்னொரு அடி, ஓய்வு. இதற்குப் பொறுமை மட்டும் போதும், சாட்டை வேண்டாம்.

செம்மட்டம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. தரை சமதளம், தார் ரோடு, கல் இல்லை. அங்கிருந்து நாங்கள் ஒருபோதும் வீட்டுக்குத் திருப்பியதில்லை. மகள் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக் காத்திருப்பாள், கொஞ்ச நேரத்தில் குந்துமணியே கிளம்புவாள். முதுகை இன்று மாலை தடவிப் பார்த்தேன், எங்கேயும் துடிப்பில்லை. கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு சுகமாக நின்றாள். பல்லுக்கு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

மழைச்சவாரி எழுதியது:

உங்கள் மகள் கதை கேட்டாளே, இதைப் படித்துக் காட்டுங்கள்.

என் சாம்பல் மட்டக்குதிரைக்குத் தண்ணீர் என்றால் பித்து. வெயில் நாளில் ஒரு ஓடையைக் கடந்துகொண்டிருந்தோம். முழங்கால் ஆழம்தான். நடுவில் போனதும் நின்று முன்னங்காலால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தான். சளக், சளக் என்று என் முகம் வரை தெறித்தது. கூட வந்த அக்கா கரையிலிருந்து, "காலைப் போடு, கிளப்பு, படுக்கப் போறான்!" என்று கத்தினார். நான் சுதாரிப்பதற்குள் அவன் முன்முட்டி மடிந்துவிட்டது. சேணத்தில் பாதம் வைக்கும் அங்கவடியிலிருந்து இரண்டு பாதத்தையும் உருவிக்கொண்டு பக்கவாட்டில் குதித்தேன். அவன் சேணத்தோடு தண்ணீரில் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து உதறினான். கண்ணில் அப்படி ஒரு நிம்மதி.

பாப்பா, குதிரை தண்ணீரில் நின்று காலால் அடித்தால் பெரும்பாலும் அடுத்தது படுப்பதுதான். தலையைத் தூக்கிப் பிடித்து உடனே நடத்திவிட வேண்டும். இன்னொன்று: குதிகால் வைத்த காலணி போட்டுக்கொள். குதிகால் இருந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளாது. அன்றைக்கு என் பாதம் சட்டென்று வெளியே வந்ததற்கு அதுதான் காரணம்.

குளம்படி எழுதியது:

செம்மட்டம் அக்கா, "சில நாள் நிற்கிறாள், சில நாள் தாண்டுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. வலி என்றால் வேறு இடத்திலும் நிற்க வேண்டும், பழக்கம் என்றால் தினமும் நிற்க வேண்டும். ஒரே இடம், சில நாள் மட்டும் என்றால் அந்த இடத்தில் சில நாள் ஏதோ மாறுகிறது. வளைவில் மரம் இருக்கிறதா? வெயில் நாளில் ரோட்டில் நிழல் விழுகிறதா?

குதிரையின் கண் நிலத்தில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பக்கவாட்டில் அமைந்திருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே, வாலுக்கு நேர் பின்னால் மட்டும் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் பளீர் வெயிலிலிருந்து இருட்டுக்குப் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலில் நடந்து வந்து திடீரென்று கரிய நிழல் குறுக்கே கிடந்தால், அது நிழலா பள்ளமா என்று உடனே புரியாது. அந்த நேரத்தில் தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்க விட வேண்டும். வாரை இறுக்கிப் பிடித்தால் பார்க்கிற வழியே அடைபட்டுவிடும்.

வயதான குதிரை என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். பல்லுக்கு வரும் டாக்டரைக் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் நீர் வழிவது, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குவது, நீலம் பாய்ந்த மாதிரி இருப்பது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். உள்கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்து குதிரையின் பார்வையைப் பறித்துவிடும்.

நேர்ப்பாதை எழுதியது:

நிழல் கோணத்தை நான் யோசிக்கவில்லை. நல்ல கேள்வி. அப்படி இருந்தாலும் ஓரடி-ஓய்வு முறை பொருந்தும், பார்க்க நேரம் கிடைக்கும்.

புதுப்பிடரி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்கு வயது பதினாலு. என் மட்டக்குதிரையோடுதான் வளர்ந்தேன். இப்போது நான் அவனைவிட வேகமாக வளர்கிறேன். பாதம் அவன் வயிற்றுக்குக் கீழே தொங்குகிறது. வேறு குதிரைக்கு மாறு என்கிறார்கள். அவனை விட எனக்கு மனசே இல்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லாயக்காரர் எழுதியது:

தம்பியோ தங்கையோ, கேட்டதே பெரிய விஷயம். கால் தொங்குவது கணக்கில்லை, எடைதான் கணக்கு.

தராசு இல்லாமலே குதிரையின் எடையை ஓரளவு கண்டுபிடிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால், தோள்மேட்டை ஒட்டி நெஞ்சைச் சுற்றி அளவுநாடாவால் அளந்துகொள். தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் அள. இரண்டும் செ.மீ.-இல். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும்.

நீ, சேணம், தலைக்கவசம், காலணி எல்லாம் சேர்த்து அந்த எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது காற்றில் வந்த எண் இல்லை. அமெரிக்காவின் ஒகையோவில் குதிரைகள்மேல் 15, 20, 25, 30 சதவீதம் என்று எடை ஏற்றிப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 25-இலும் 30-இலும் தசைவலி தெளிவாகக் கூடியது. வயதான குதிரை, பழக்கம் விட்ட குதிரை, குண்டான குதிரை என்றால் 20 கூட அதிகம். குண்டுக் குதிரையின் கொழுப்பு சுமக்கும் பலம் ஆகாது, அதுவே ஒரு சுமை. நான் என் கிழவனுக்கு 15-ஐத் தாண்ட விடுவதில்லை.

செம்மட்டம் எழுதியது:

நானும் உடனே நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். குந்துமணிக்கு நெஞ்சுச் சுற்றளவு 150, நீளம் 125. கணக்குப் போட்டால் 237 கிலோ வருகிறது. 20 சதவீதம் 47 கிலோ, 15 சதவீதம் 35 கிலோ. மகளும் சேணமும் சேர்ந்து இப்போதே 15-ஐத் தாண்டிவிட்டார்கள். 47 வரை இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் இருபது வயதுக் குதிரைக்கு அந்த விளிம்பு வரை போக எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓட்டங்களைக் குறைத்து, நடையை அதிகமாக்கப் போகிறோம். மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பாதி தூரம் நான் இறங்கி நடக்கிறேன்" என்றாள்.

அளக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கழுத்தின் மேல்விளிம்பு, பிடரி முளைக்கும் இடம், முன்பைவிடக் கெட்டியாக இருக்கிறது. மழைக்குப் பின் புல் நன்றாக வளர்ந்திருக்கிறது, நாள் முழுக்க மேய்கிறாள். இது சரிதானா?

குளம்படி எழுதியது:

அக்கா, அதை அலட்சியம் செய்யாதீர்கள். பெரும்பாலான மட்டக்குதிரை இனங்கள் புல் குறைந்த, குளிர்ந்த, காற்றடிக்கும் மண்ணில் உருவானவை. ஷெட்லாந்து தீவின் மட்டக்குதிரை 107 செ.மீ.-க்கு மேல் வளராது. கிடைத்த அற்பப் புல்லில் பிழைத்துக்கிடந்த உடம்பு அது. அப்படிப்பட்ட உடம்புக்குக் கொழுத்த பச்சைப்புல் தாங்காது. புல்லின் சர்க்கரை இன்சுலினை ஏற்றிவிடும், அதனால் குளம்புக்குள் எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் திசுக்கள் நோகும். லேமினைடிஸ் என்பது இதுதான். கழுத்து கெட்டிப்படுவது அதற்கு ஒரு முன்னறிவிப்பு.

இப்போதே உங்கள் கைக்குப் பழக்கவேண்டியது ஒன்று உண்டு. குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். நல்ல குதிரைக்கு அது தேடினால்தான் கிடைக்கும். நாடி தடதடவென்று அடித்து, குளம்பும் சூடாக இருந்து, முன்னங்காலை முன்னால் நீட்டிப் பாரத்தைப் பின்னங்காலுக்குத் தள்ளி நின்றால் சவாரியும் வேண்டாம், நடையும் வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த நோயில் எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அதுதான் மருந்து.

மேய்ச்சலைக் குறையுங்கள், பட்டினி மட்டும் போடாதீர்கள். குதிரைக்கு வயிறு நீண்ட நேரம் காலியாக இருக்கக் கூடாது, மட்டக்குதிரைக்குத் திடீர்ப் பட்டினியால் இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உடல் எடையில் 1.5 சதவீதம் காய்ந்த தீவனம், அதாவது உங்கள் குந்துமணிக்கு நாளைக்கு மூன்றரை கிலோ அளவில், தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கரைத்துவிட்டுக் கொடுக்கலாம். சிறு கண்ணி வலையில் போட்டுத் தொங்கவிட்டால் மெல்ல மெல்லத் தின்பாள். உரோமம் நீளமாகி உதிராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயதான குதிரைகளுக்கு வரும் ஹார்மோன் கோளாறான குஷிங்ஸ் நோயும் இதே லேமினைடிஸ் வாசலில்தான் கொண்டுபோய் விடும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, மாத்திரையும் உண்டு.

மழைச்சவாரி எழுதியது:

புதுப்பிடரிக்கு ஒரு வார்த்தை. முதுகில் ஏறாவிட்டால் உறவு முடிந்தது என்று யார் சொன்னது? என் சாம்பல்காரனை இப்போது நீளவாரில் ஓட்டுகிறேன். இரண்டு நீளமான வார்கள், நான் பின்னால் ஒரு பக்கமாக ஒதுங்கி நடப்பேன், உதைக்கு எட்டாத தூரத்தில். அவன் முன்னால் காதை ஆட்டிக்கொண்டு போவான். வலது, இடது, நில், பின்னால் எல்லாம் குரலுக்கே கேட்கிறான். முதுகில் இருந்தபோது எனக்குத் தெரியாமல் போனதெல்லாம் இப்போது தெரிகிறது: எந்தக் கால் லேசாக இழுக்கிறது, வேலியோரம் எதை மோந்து பார்க்கிறான், எந்தத் திருப்பத்தில் வால் இறுகுகிறது. உன் மட்டக்குதிரை சின்னப் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கவும் முடியும், பழக்கும் ஆள் நீயாகவே இருக்கலாம்.

செம்மட்டம் எழுதியது:

டாக்டர் வந்து போனார். நீங்கள் எல்லோரும் கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மேல்பல் இரண்டில் விளிம்பு கூராக இருந்தது, ராவினார். கன்னத்தில் புண் இல்லை. குளம்பு நாடி அமைதியாக இருக்கிறது. ரத்தம் எடுத்திருக்கிறார். மேய்ச்சல் பாதி நாளாகிவிட்டது, மீதி நேரத்துக்கு வலை.

கண்ணுக்கு வருகிறேன். லாயத்துக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, சின்ன டார்ச்சால் பார்த்தார். வலது கண் தெளிவு. இடது கண்ணின் வில்லையில் ஓரமாக ஒரு மங்கல். வயதால் வருவது, வலி இல்லை, பார்வை போகவில்லை என்றார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒளி விழுந்த இடத்தில் பழுப்புக்கு நடுவே வெள்ளைப் பொட்டு ஒன்று தெரிந்தது. குளம்படி சொன்ன நிழலை மறுநாள் போய்ப் பார்த்தோம். வளைவின் இடதுபக்கம் பெரிய மரம். வெயிலடிக்கும்போது ரோடு முழுக்கக் கரியபட்டை. மேகமூட்ட நாளில் பட்டையே இல்லை. மேகமூட்டத்தில் தாண்டிவிட்டாள், வெயிலில் நின்றாள்.

இப்போது இப்படிச் செய்கிறோம். நிழலுக்குச் சற்று முன்னால் மகள் இறங்கிவிடுவாள். வாரைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்த விடுவாள். குந்துமணி மூக்கால் தார் ரோட்டைத் தொட்டு இரண்டு முறை ஊதுவாள், அப்புறம் தானே அடி வைப்பாள். வண்டி வரும் பக்கம் நான் நடக்கிறேன், பளிச்சென்ற மேல்சட்டை போட்டுக்கொண்டு. இடதுபக்கமாக யார் கிட்டே போனாலும் முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். வெயில் மிக உக்கிரமான நேரத்தில் இன்னமும் நிற்கிறாள். அப்போது நாங்களும் நிற்கிறோம்.

நேர்ப்பாதை எழுதியது:

மகிழ்ச்சி அம்மா. நீங்கள் முதலிலேயே "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று எழுதியது சரியாகப் போயிற்று. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: அதே இடத்தில் தினமும் இறங்கினால், இறங்கும் இடம் என்றே அவள் மனதில் பதிந்துவிடும். மேகமூட்ட நாளில் மகள் இறங்காமலே தாண்டட்டும்.

செம்மட்டம் எழுதியது:

அது சரியான யோசனை, அப்படியே செய்கிறோம்.

புதுப்பிடரி எழுதியது:

அளந்துவிட்டேன். சேணத்தோடு 19 சதவீதம் வருகிறது. இந்தப் பருவத்தோடு ஏறுவதை நிறுத்திவிட்டு நீளவார் பழகப்போகிறேன். அழுதேன், ஆனால் முடிவு செய்துவிட்டேன். மழைச்சவாரி அக்கா, நீளவார் எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள்.

செம்மட்டம் அக்காவிடம் ஒரு கேள்வி. மதகைத் தாண்டியதும் உங்கள் மகள் தரையிலிருந்தே மறுபடி ஏறுகிறாளா? அது குதிரை முதுகுக்குக் கெடுதல் என்று படித்தேன்.

மழைச்சவாரி எழுதியது:

ஒரு வார் ஏழெட்டு மீட்டர் இருந்தால் தாராளம். முதல் நாட்களில் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக் கூட நடக்கட்டும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, மடித்துப் பிடி.

லாயக்காரர் எழுதியது:

புதுப்பிடரி கேட்டது நியாயமான கேள்வி. தரையிலிருந்து ஏறும்போது மொத்த எடையும் இடது அங்கவடியில் தொங்கும். சேணம் ஒரு பக்கமாக இழுபட்டுத் தோள்மேட்டை அழுத்தும். வயதான குதிரைக்கு அது வேண்டாம். மதகு தாண்டி ரோட்டோரம் ஒரு மண்மேடோ கல்திட்டோ இருந்தால் குதிரையை அதற்குப் பக்கத்தில் தாழ்ந்த இடத்தில் நிறுத்தி அங்கிருந்து ஏறட்டும். மதகின் கைப்பிடிச் சுவரைப் பயன்படுத்தாதீர்கள், மறுபக்கம் பள்ளம். ஏறும்போது அம்மா வலது அங்கவடியைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டால் சேணம் நகராது. ஏறுவதற்கு முன் வயிற்று வாரை இன்னொரு முறை பாருங்கள். நடந்து வந்த பிறகு அது நிச்சயம் ஒரு துளை தளர்ந்திருக்கும்.